கவலை தெரிவித்த நாடுகள்

ரங்கூன், கெம்மெண்டைன்
1988 ஆகஸ்ட் 27

அன்புள்ள தம்பி சான் வே,

இத்தனை வருடமாக உன் நீளமான கடிதங்களுக்கு நாலு வரியில் பதில் போட்டவள் இன்று பக்கம் பக்கமாக எழுதப் போகிறேன். பயப்படாதே. வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் என் மகன் ஜோ லின்னும்தான்.

உன் குரலைத் தினமும் கேட்கிறோம். நாங்கள் மட்டுமா, தெருவே கேட்கிறது. சாயங்காலம் உன் செய்தி நேரம் நெருங்கினால் டீக்கடை ஊ போ லோன் தன் ரேடியோவைத் தூக்கி வாசல் பெஞ்சில் வைத்துவிடுவார். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள்கூட மிதிப்பதை நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். அந்த வெளிநாட்டு ரேடியோவில் உனக்கு ஊ தூரா என்று பெயராம். தூரா என்றால் வீரன்! பல்லி தோளில் விழுந்ததற்குத் தெருக்கோடி வரை ஓடியவனுக்கு வைத்துக்கொள்ள வேறு பெயர் கிடைக்கவில்லையா? அது என் தம்பியின் குரல் என்று நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜோ லின் விட்டிருப்பான். மீன்காரி இப்போதெல்லாம் எனக்கு மட்டும் நடுத்துண்டாகப் பார்த்துப் போடுகிறாள்.

இந்த மாதம் எட்டாம் தேதி ஊர்வலத்தின்மேல் சுட்டார்களே, அதற்குப் பிறகு ஒருநாள் நீ வாசித்தாய்: இன்னின்ன நாடுகள் ஆழ்ந்த கவலை தெரிவித்துள்ளன என்று. பரீட்சையில் தேறியவர்களின் பெயரைப் பள்ளிக்கூடத்தில் வாசிப்பார்களே, அப்படி ஒவ்வொரு நாட்டின் பெயருக்கும் டீக்கடையில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பொய் சொல்வானேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜோ லின் காலையில் போனால் இருட்டும்போதுதான் வருகிறான். கல்லூரியை மூடிவிட்டார்கள், இவன் தெருவைத் திறந்துவிட்டான். "ராணுவம் பாசறைக்குப் போயிடுச்சும்மா, தெருவுக்குக் காவலே இப்ப பிக்குங்கதான், நாம ஜெயிச்சாச்சு" என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுபத்து நான்கிலும் இப்படித்தான் சில நாள் அமைதியாக இருந்தது, பிறகுதான் மாணவர்களைச் சுட்டார்கள்.

நான் சொன்னால் கேட்க மாட்டான். கணக்கு டீச்சர் பேச்சை எந்தப் பிள்ளை கேட்கிறது? நீ சொன்னால் கேட்பான். வீட்டிலேயே இரு என்று அவனுக்கு ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் அந்தப் பித்தளைப் பூட்டை மறுபடி எடுக்க வேண்டியதுதான். அந்த வருடம் உன்னை உள்ளே வைத்து வெளியே பூட்டினேனே, அதே பூட்டு. அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அதற்காக உனக்கு இன்னும் கோபம் என்று தெரியும். இருந்துவிட்டுப் போகட்டும். கோபப்படுவதற்கு நீ இருக்கிறாய் அல்லவா?

தபாலில் போட்டால் பிரித்துப் படிப்பார்கள். இதைக் கொண்டுவருகிறவர் பாங்காக் வழியாக வருகிறார். பதிலில் அவர் பெயரை எழுதித் தொலைக்காதே.

உன் அக்கா,
டின் மே

---

1988 செப்டம்பர் 4

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நான் இருக்கும் ஊரை எழுதவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். நீங்களும் ஜோ லின்னும் உடல்நலத்தோடும் மனநலத்தோடும் இருக்க வேண்டுகிறேன்.

இங்கே நடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும் அக்கா. இத்தனை காலம் நம் நாடு எங்கே இருக்கிறது என்று கேட்டவர்கள் இப்போது என்னைத் தொலைபேசியில் தேடுகிறார்கள். நாடாளுமன்றத்தில் ஒருவர் எழுந்து ரங்கூன் மாணவர்களைப் பற்றிப் பேசினார். பேசி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உலகம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அதை நம்புகிறேன்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் என்னால் எழுத முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் என்னைப் பூட்டிவைத்த அன்று என் நண்பன் ஆங் தூ நம் வாசலுக்கு வந்தான். "சான் வே, கிளம்பு, எல்லாரும் போயாச்சு" என்று கூப்பிட்டான். கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். அக்கா பூட்டிவிட்டாள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. நான் உயிரோடு இருப்பதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இன்றுவரை வாய் வரவில்லை. எனக்குச் செய்ததை அவனுக்கும் செய்துவிடாதீர்கள்.

அவன் போகட்டும். ஆனால் இடம் பார்த்துப் போகட்டும். சூலே பகோடா பக்கம் வேண்டாம், நகர மன்றத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். மெர்ச்சன்ட் தெருவில் வெளிநாட்டுத் தூதரகம் இருக்கிறதே, அதற்கு எதிர் நடைபாதையில் நிற்கட்டும். அங்கே கேமராக்கள் இருக்கின்றன. வெளிநாட்டார் கண்முன்னால் சுட மாட்டார்கள். ராணுவத்துக்கும் வெளிநாட்டு உதவி வேண்டும், வெளியே காட்ட ஒரு முகம் வேண்டும். ரங்கூனிலேயே பத்திரமான இடம் அந்த நடைபாதைதான். பல பேரிடம் கேட்டு, நன்றாக யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் தம்பி,
சான் வே

---

ரங்கூன்
1988 செப்டம்பர் 14

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்ததிலிருந்து ஜோ லின்னுக்குத் தலைகால் புரியவில்லை. "மாமாவே சொல்லிட்டார்ல?" என்று வீடு முழுக்க நடந்தான். அன்றே அட்டையும் கறுப்பு மையும் வாங்கிவந்து தரையெல்லாம் பாழாக்கிவிட்டான். 'எங்களைப் பாருங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான். "நம்ம பாஷையில எழுதினா என்னடா?" என்றேன். "நமக்கு நாமே எழுதிக்கவாம்மா? அவங்க படிக்கணும்ல" என்றான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஊரெல்லாம் அலைகிறான் என்பதைவிட இன்ன இடத்தில் நிற்கிறான் என்று தெரிவது எவ்வளவோ மேல். வெள்ளைச் சட்டையை நானே இஸ்திரி போட்டுத் தருகிறேன். படத்தில் அழுக்காகத் தெரியக்கூடாது பார்.

நேற்று நானும் போனேன். ஊறிய தேயிலையைப் பிசைந்து சோற்றோடு பொட்டலம் கட்டி எடுத்துப்போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளைகள் வரிசை கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் வகுப்பில் ஒருநாள்கூட இப்படி உட்கார்ந்ததில்லை. கணக்கில் தேறாமல் என் உயிரை வாங்கிய மின் லுவின்தான் அங்கே ஒழுங்கு பார்க்கிறான்! என்னைப் பார்த்ததும், "டீச்சர், இங்க நிழல் இருக்கு, உக்காருங்க" என்று தன் துண்டை விரித்தான். மாடி ஜன்னலிலிருந்து வெளிநாட்டுப் பெண்மணி ஒருத்தி கை அசைத்தாள். கூட்டமே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. ஜோ லின் அட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். கண்ணாடி மூக்கில் வழுக்கி இறங்க, அதைத் தள்ளிவிடக் கை இல்லாமல் முகத்தைக் கோணியபடி நின்றான். சிரித்துவிட்டேன்.

கடலில் வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் வந்து நிற்கின்றனவாம். மீன்காரியின் மைத்துனன் கண்ணால் பார்த்தானாம். நீ ஏன் அதைச் செய்தியில் சொல்லவில்லை? ரகசியமா? சரி, சொல்லாவிட்டால் போ.

பூட்டை எடுக்கவில்லை. திருப்திதானே உனக்கு?

டின் மே

---

1988 செப்டம்பர் 21

அக்கா,

நான்தான் வாசித்தேன். பதினெட்டாம் தேதி ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டதையும் நான்தான் வாசித்தேன், மறுநாள் நடந்ததையும் நான்தான் வாசித்தேன். கையில் கொடுத்த காகிதத்தில் 'மெர்ச்சன்ட் தெரு' என்று இருந்தது. தூதரகத்துக்கு எதிரே என்றும் இருந்தது. நிறுத்தாமல் வாசித்துவிட்டேன். அடுத்த காகிதத்தில் கண்டனம் தெரிவித்த நாடுகளின் பெயர்கள். அதையும் வாசித்தேன்.

கப்பல் எதுவும் உங்களுக்காக வரவில்லை அக்கா. ரகசியமும் இல்லை. முன்பே எழுதியிருக்க வேண்டும்.

ஜோ லின் வீட்டில் இருக்கிறானா? அன்று அவனுக்கு ஜுரம் வந்திருக்கலாம். பஸ் கிடைக்காமல் போயிருக்கலாம். நீங்கள் என் பேச்சைக் கேட்காமல் பூட்டியிருக்கலாம். பூட்டினீர்களா? ஒரே ஒரு சொல் எழுதுங்கள். இதைக் கொண்டுவருகிறவர் உங்கள் பதிலோடுதான் திரும்புவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

சான் வே

---

ரங்கூன்
1988 அக்டோபர் 12

தம்பி,

ஜுரம் வரவில்லை. பஸ் கிடைத்தது. பூட்டவில்லை.

முந்தின நாள் ரேடியோவில் ராணுவத்தின் அறிவிப்பைக் கேட்டோம். பத்தொன்பதாம் தேதி காலையில் அவன் சட்டையை மாட்டினான். நான் அலமாரிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கையை நீட்டினால் பூட்டு. "இன்னிக்கு வேண்டாம்டா" என்றேன். "மாமா சொன்ன இடத்துலதான் நிப்பேன்மா. வேற எங்கயும் போக மாட்டேன், போதுமா?" என்றான். நானும், "சரி, அங்கயே நில்லு. அந்த இடத்தை விட்டு நகராதே" என்றேன். என் வாயால் சொன்னேன்.

அவன் வரவில்லை. மறுநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். படுக்கை போதாமல் தரையில் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பிறகு மெர்ச்சன்ட் தெருவுக்குப் போனேன். தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டிருந்தார்கள். ஓரத்தில் செருப்புகளைக் குவித்திருந்தார்கள். அவனுடையதைப் போலவே நிறையச் செருப்பு இருந்தது. சுடுகாட்டு வாசலில் சிப்பாய்கள் யாரையும் உள்ளே விடவில்லை. புகை மட்டும் வெளியே வந்தது.

அன்று உன் செய்தியையும் கேட்டேன். "இரு தரப்பினரும் பொறுமை காக்க வேண்டும்" என்று ஒரு நாடு கேட்டுக்கொண்டதாமே. எங்கள் தரப்பில் ஒரு தண்ணீர்ப் பானையும் சோற்றுப் பொட்டலங்களும் அட்டைகளும் இருந்தன. இதில் எதைக் கொண்டு நாங்கள் இன்னும் பொறுமை காத்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்டு எழுது.

பக்கத்து வீட்டு டோ யீ வந்து, "மா டின் மே, ஏழு நாள் ஆகப்போகுது. பிக்குங்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டுடு. பையன் பாவம், தவிப்பான்" என்றாள். அம்மா போனபோது நீயும் நானும் செய்தோமே, நினைவிருக்கிறதா? ஏழு நாள் கதவைத் திறந்து வைத்தோம். ஏழாம் நாள் பிக்குகளுக்கு அன்னமிட்டு, "அம்மா, நீ இறந்துபோய்விட்டாய், இனி நீ போகலாம்" என்று வாய்விட்டுச் சொன்னோம். அப்படிச் சொல்லாவிட்டால் போனவர்களுக்குத் தாங்கள் போனது தெரியாதாம். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார்களாம். டோ யீயிடம் சொல்லிவிட்டேன்: "செத்தவங்களுக்குத்தான் ஏழாம் நாள். என் பையன் வெளியே போயிருக்கான்."

ஆனால் கதவை மட்டும் திறந்தே வைத்திருக்கிறேன். ஊரடங்கு நேரத்தில் ரோந்து வந்த சிப்பாய் எட்டிப் பார்த்தான். சின்னப் பயல், மீசைகூட முளைக்கவில்லை.

"ஏன் கதவைத் தொறந்து வெச்சிருக்கே?"

"பையன் வரணும்."

"எங்க போயிருக்கான்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு போய்விட்டான்.

நீ எனக்கு ஒன்று செய். ரேடியோவில் அவன் பெயரைச் சொல். கெம்மெண்டைன் ஜோ லின், கண்ணாடி போட்டவன் என்று ஒரே ஒரு முறை சொல். நாடே கேட்கிறது. எங்காவது, யாராவது பார்த்தவர்கள் இருப்பார்கள். இத்தனை நாட்டின் பெயரைச் சொல்கிறாய், இந்தப் பெயரைச் சொல்ல மாட்டாயா?

டின் மே

---

1988 நவம்பர் 1

அக்கா,

சொல்லவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எங்கள் தலைவரிடம் கேட்டேன். இரண்டு பேர் உறுதிசெய்யாத பெயரை வாசிக்கக்கூடாது என்பது இங்கே விதி. "பெயரைச் சொன்னால் அந்தத் தாயின் வீட்டுக்கு யார் போவார்கள் என்று யோசித்தாயா?" என்றும் கேட்டார். அவர் நல்லவர். அந்தத் தாய் யார் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் என்னை வாசிக்க விடமாட்டார்கள் என்று பயந்தேன். அடுத்த நாள் பெயரைப் பென்சிலால் காகிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அந்த இடம் வந்தது. தாண்டிப் போய்விட்டேன். ஊ தூராவாம், வீரனாம். நீங்கள் கேலி செய்தது சரிதான்.

பெரிய நாடுகள் உதவியை நிறுத்திவிட்டன. அதை வாசித்தபோது கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. வாராவாரம் இங்கே மெழுகுவர்த்தி ஏற்றிக் கூடுகிறோம். முதல் வாரம் தெரு கொள்ளவில்லை. இப்போது குளிர் ஆரம்பித்துவிட்டது. போன வாரம் நம் ஆட்கள் மட்டும்தான் நின்றோம். என் கையைப் பிடித்துக்கொண்டாரே அந்த உறுப்பினர், அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். அவர் வேறொரு நாட்டின் பிரச்சினைக்காகப் பயணம் போயிருக்கிறார். உதவியாளர் தேநீர் கொடுத்தாள்.

தடிஞ்சுட் பௌர்ணமியன்று, பெரியவர்களை வணங்கிப் பிழை பொறுக்கச் சொல்லும் நாளல்லவா, உங்கள் திசையைப் பார்த்து முழந்தாளிட்டேன். உடலால், வாயால், மனத்தால் செய்த பிழைகளை என்று தொடங்குவோமே. 'வாயால்' என்ற இடத்தோடு நின்றுவிட்டது. ஏன் அந்தக் கடிதத்தை எழுதினேன் அக்கா? வீட்டிலேயே இரு என்று நீங்கள் கேட்ட ஒரு வரியை எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? உங்கள் மேலிருந்த பழைய கோபத்தை அவன் உயிரை வைத்துத் தீர்த்துக்கொண்டேனோ என்று நினைக்கிறேன். மழுப்ப விரும்பவில்லை.

சான் வே

---

ரங்கூன்
1988 நவம்பர் 24

தம்பி,

அழுதுகொண்டே எழுதாதே. மை கரைந்து பாதி படிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் நீயே தூக்கிக்கொள்ளாதே. நீ தூரத்திலிருந்து எழுதினாய். இஸ்திரி போட்டது நான். அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம், வேலை இருக்கிறது.

நல்ல சேதி ஒன்று வந்திருக்கிறது. உப்பு வியாபாரி ஒருவன் தாய்லாந்து எல்லைப் பக்கம் போய்வந்திருக்கிறான். நம் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே காட்டில் இருக்கிறார்களாம். கெம்மெண்டைன் பையன்களும் இருக்கிறார்களாம். கண்ணாடி போட்ட ஒருவனுக்கு மலேரியாவாம். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, முட்டாள். ஜோ லின் நெட்டையன் என்று சொல்லி விசாரி. கண்ணாடியின் இடப்பக்கக் கம்பியில் கறுப்பு நூல் சுற்றியிருக்கும். உடைந்துபோனதை நான்தான் சுற்றினேன். அங்கே செய்தியாளர்கள் போய்வருகிறார்கள் என்று நீயே வாசித்தாய். அவர்களைக் கேள். மலேரியா மாத்திரை கொடுத்தனுப்பு. கசக்கிறது என்பான்; வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கச் சொல்.

ஊ போ லோன் இப்போது ரேடியோவை வெளியே வைப்பதில்லை. சமையலறையில் போர்வையைப் போட்டு மூடிக்கொண்டு கேட்கிறோம். யாரும் கைதட்டுவதில்லை. கவலை தெரிவித்த நாடு என்று நீ ஆரம்பித்தாலே அவர் எழுந்துபோய் அடுப்பை ஊதுகிறார்.

டின் மே

---

1989 ஜனவரி 15

அக்கா,

இந்தக் கடிதத்தைப் பல நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். டோ யீயைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லை முகாமிலிருந்து ஒரு ஒலிநாடா வந்தது. மாணவர்களின் பேட்டி. வெட்டி ஒட்டும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவதாகப் பேசியது மின் லுவின், உங்கள் மின் லுவின். கேள்வி கேட்டவர் எதுவும் தூண்டவில்லை, அவனாகவே சொன்னான். அப்படியே எழுதுகிறேன்.

"நானும் ஜோ லின்னும் பக்கத்துல பக்கத்துல நின்னோம். லாரி வந்து நின்னுச்சு. எல்லாரும் ஓடினாங்க. நான் அவன் கையப் பிடிச்சு இழுத்தேன். 'நீ போடா, நான் நகர மாட்டேன், இங்க கேமரா இருக்கு, சுட மாட்டாங்க'ன்னான். அட்டையை இன்னும் மேல தூக்கினான். நெஞ்சுலதான் பட்டுச்சு. நான் உக்காந்து கூப்பிட்டுப் பார்த்தேன், மூச்சு இல்ல. அவங்க வந்து காலப் பிடிச்சு லாரியில போட்டாங்க. கண்ணாடி கீழ கிடந்துச்சு. அத எடுத்துக்கிட்டு ஓடினேன்."

மலேரியா வந்த கண்ணாடிப் பையன் வேறு ஒருவன் அக்கா. விசாரித்துவிட்டேன்.

நாடாவில் இந்தப் பகுதி ஒலிபரப்பாகவில்லை. நேரம் போதாது என்று எடுத்துவிட்டார்கள். மின் லுவின் காட்டில் என்ன சாப்பிடுகிறான் என்று சொன்ன பகுதிதான் போனது. வெட்டியது என் கைதான்.

கண்ணாடி என்னிடம் வந்து சேர்ந்தது. இதோடு அனுப்புகிறேன். நூல் இருக்கிறது.

ஏழாம் நாளைச் செய்துவிடுங்கள் அக்கா. என்னைத் திட்டுங்கள், எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

சான் வே

---

ரங்கூன்
1989 பிப்ரவரி 21

அன்புள்ள தம்பி,

கண்ணாடி வந்தது. நூல் நான் சுற்றியதுதான்; கடைசி முடிச்சைப் பல்லால் கடித்திருந்தேன், அது அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகும் நான் பிக்குகளை அழைக்கவில்லை. கண்ணாடிதானே, ஓடும்போது கழன்று விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மின் லுவினுக்கு நாடி பார்க்கத் தெரியுமா, கூட்டல் கணக்கே தெரியாதவன் என்றும் சொல்லிக்கொண்டேன். டோ யீ என்னைப் பார்த்துப் பயந்துபோனாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருந்தேன். எதற்காக என்று உனக்குச் சொல்கிறேன். என்றைக்காவது யாராவது வந்து இந்த ராணுவத்தைக் கூண்டில் நிறுத்தி, லாரியில் ஏற்றிய பிள்ளைகள் எங்கே என்று கேட்பார்கள். அவர்களோடு அவனும் வருவான், இல்லை அவனைப் பற்றிய சேதியாவது வரும். பைத்தியக்காரத்தனம்தான். அத்தனை நாட்டின் பெயரை நீ வாசித்தாயே, அதில் ஒன்றாவது வராதா என்று இருந்தது.

போன வாரம் நீ வாசித்ததைப் போர்வைக்குள் தலையை விட்டுக் கேட்டேன். நமக்கு எல்லோரையும்விட அதிகமாக உதவி கொடுத்து, செப்டம்பரில் அதை நிறுத்திய நாடு, இந்த அரசை முறைப்படி ஏற்றுக்கொண்டுவிட்டது. நிறுத்திய வேலைகள் மறுபடி தொடரும். அவ்வளவுதான் செய்தி. அடுத்து பருத்தி விலைக்குப் போய்விட்டாய். உன் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் பொய்யோ என்று ஒரு ஓரத்தில் நினைத்திருப்பேன். ஊ போ லோன் ரேடியோவை அணைத்துவிட்டு, "டீச்சர், டீ குடிக்கிறீங்களா?" என்றார். குடித்தேன்.

மறுநாளே பிக்குகளின் மடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். நேற்று காலை பிக்குகள் வந்தார்கள். கோழிக் குழம்பும், அவனுக்குப் பிடித்த புளிச்சக்கீரைச் சாறும், கருவாட்டுத் துவையலும் செய்தேன். அழைக்காமலே தெரு முழுக்க வந்துவிட்டது. மீன்காரி பாத்திரம் கழுவினாள். பெரிய பிக்கு ஓத, நான் கிண்ணத்தில் நீரைச் சொட்டுச் சொட்டாக வார்த்து, செய்த புண்ணியத்தில் அவனுக்குப் பங்கு கொடுத்தேன். எத்தனை மாதம் கழித்து ஏழாம் நாள் செய்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "இப்ப அவன்கிட்ட சொல்லிடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் வாசற்படியைப் பார்த்தார்கள். அவன் அங்கே இல்லை தம்பி. எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். பிக்குகள் புறப்பட்டதும் துணிக்கடைக்குப் போகிறவள் மாதிரி பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மெர்ச்சன்ட் தெருவில் மூலைக்கு மூலை சிப்பாய்கள். நிற்கக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். தூதரகத்துக்கு எதிரே வந்ததும் செருப்பு வார் அறுந்ததுபோலக் குனிந்தேன். குனிந்தபடியே அவனிடம் சொன்னேன்.

"ஜோ லின், அம்மா வந்திருக்கேன். மாமா ரேடியோவுல படிச்சதக் கேட்டியா? அவர் குரல்லயே வந்துச்சுப்பா. இனிமே யாரும் வரமாட்டாங்க. நீ அட்டையைக் கீழ வெச்சுடு, கை வலிக்கும். நீ செத்துப்போயிட்டே கண்ணா. உனக்குத் தெரியலன்னா அம்மா சொல்றேன், நீ செத்துப்போயிட்டே. அங்கயே நில்லு, நகராதேன்னு சொன்னவ நான்தான். இப்ப நானே சொல்றேன், நகரலாம்."

ஒரு சிப்பாய், "ஏம்மா, என்ன அங்க?" என்று அதட்டினான். "வார் அறுந்துபோச்சுப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நீ வாசிப்பதை விட்டுவிடாதே. வேறு யார் வாயிலிருந்தாவது அந்தச் செய்தியைக் கேட்டிருந்தால் நான் இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் இருப்பேன். உன்மேல் எனக்குக் கோபம் உண்டு, என்மேலும் உண்டு. சாகும்வரை இரண்டும் இருக்கும். அதற்காக நீ என் தம்பி இல்லை என்று ஆகிவிடாது. பனியில் நின்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளாதே.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். இத்தனை மாதம் திறந்தே கிடந்ததில் கீல் துருப்பிடித்துவிட்டது. தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது.

உன் அக்கா,
டின் மே